றொச்டேல் நெசவாளரும் தோல்வியின் பாடமும்

ஸ்தாபனங்கள் தம் வெற்றிகளைக் கொண்டாடுவதிற் காட்டும் ஆர்வத்தைத் தம் தோல்விகளை ஆராய்வதிற் காட்டுவதில்லை. ஆண்டு விழாக்களும் பொன்விழா மலர்களும் பெற்ற வெற்றிகளையே நிரைப்படுத்துகின்றன. தோல்வி நேர்ந்தவிடத்துப் பெரும்பாலும் இரண்டு வழிகளே கையாளப்படுகின்றன. ஒன்று, அதனை மறைத்துவிடுதல். மற்றையது, யாரோ ஒருவனுடைய துரோகத்தின் மீது பழி முழுவதையும் சுமத்திவிடுதல். முன்னையது கோழைத்தனம் என்பதை எல்லோரும் ஒப்புவர். பின்னையதே அதிக ஆபத்தானது; ஏனெனில் அது சுயவிமர்சனம் போலவே தோற்றமளிப்பது. துரோகியை வெளியேற்றிய பின்னர் ஸ்தாபனம் பழைய வழியிலேயே நடக்கும். பழைய தோல்வியையே மீண்டும் சந்திக்கும்.

மூன்றாவது வழியொன்று உண்டு. நேர்ந்த தோல்விக்கு நம்முடைய அமைப்பு முறையில் எது காரணமாயிருந்தது என்று விசாரித்து, அந்த விசாரணையின் முடிபை அமைப்பின் சட்டதிட்டங்களிலேயே பதித்து வைப்பது. இவ்வழியைக் கல்வியிற் குறைந்த, வறுமையில் உழன்ற தொழிலாளர் சிலர் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கொண்டனர். அவர்கள் இங்கிலாந்தின் லங்காஷயர் பிரதேசத்திலுள்ள றொச்டேல் நகரத்தவர். அவர்கள் எதனைக் கற்றார்கள், எந்த இடத்திற் கற்க மறந்தார்கள் என்னும் இரண்டையும் சேர்த்து நோக்கும்போதே அவர்களுடைய வரலாறு நமக்குப் பயன்படும்.

கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிய பாடப்புத்தகங்கள் 1844ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். இருபத்தெட்டு ஏழை நெசவாளர் வாரந்தோறும் சில பென்ஸ்களைச் சேமித்து 28 பவுண் திரட்டினர். ரோட் லேன் என்னும் தெருவில் ஒரு கடையைத் திறந்தனர். உலகக் கூட்டுறவு இயக்கம் பிறந்தது. இக்கதை பொய்யன்று; ஆனால் நடுவிலிருந்து தொடங்குகிறது. அவர்கள் அனைவரும் நெசவாளரும் அல்லர். கம்பளி தரம்பிரிப்போர், துணிக்கு அச்சிடுவோர், மரப்பலகைச் சப்பாத்துச் செய்வோர் எனப் பல தொழிலாளர் அவர்களுள் இருந்தனர். எல்லாவற்றிலும் முக்கியமாக, அவர்கள் புதியவர்கள் அல்லர். பலமுறை தோற்றவர்கள்.

அக்காலத்து றொச்டேல், கம்பளித் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். யந்திரத் தறியின் வரவினாற் கைத்தறியாளரின் கூலி ஆண்டுக்கு ஆண்டு வீழ்ந்தது. கூலியைப் பணமாகக் கொடாது, தமது கடையிற் பொருளாகவே பெற வேண்டுமென நிர்ப்பந்தித்த முதலாளிமாரும் அந்நாட்டில் இருந்தனர். 1831இற் சட்டம் இதனைத் தடைசெய்த பின்னரும் அவ்வழக்கம் முற்றாக ஒழியவில்லை. வெளிக் கடைகளிலோ கலப்படம் மலிந்திருந்தது. மாவிற் படிகாரம் கலந்தனர். உபயோகித்த தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி மீண்டும் விற்றனர். கடன் கொப்பியில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், தொழிலாளி அக்கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது. நிறுவையையோ தரத்தையோ பற்றிக் கேள்வி கேட்கவும் முடியாது. உழைக்கும் இடத்தில் ஒருமுறையும் உண்ணும் இடத்தில் இன்னொருமுறையுமாக அவன் சுரண்டப்பட்டான்.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் தலையாயவர் றொபேட் ஓவன். நியூ லனார்க் பஞ்சாலையை நிர்வகித்துப் புகழ்பெற்ற அவர், போட்டியும் தனியுடைமையும் அற்ற கூட்டுக் குடியிருப்புக்களை அமைத்தால் மனித சமுதாயமே திருந்துமென நம்பினார். 1825இல் அமெரிக்காவின் இந்தியானாவில் அவர் அமைத்த நியூ ஹார்மனி இரண்டே ஆண்டுகளிற் குலைந்தது. எனினும் அவருடைய கருத்துக்கள் தொழிலாளரிடையே பரவின. பிரைட்டன் நகர வைத்தியரான வில்லியம் கிங், 1828 முதல் 1830 வரை நடத்திய சிறு பத்திரிகையின் வாயிலாக, பெருங் குடியிருப்புக்குக் காத்திராது சிறு கடையிலிருந்து தொடங்கும்படி தொழிலாளருக்கு எடுத்துரைத்தார். 1830ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. சில ஆண்டுகளுள் அவற்றுட் பெரும்பாலானவை மறைந்தன.

றொச்டேலிலும் அவ்வாறே நடந்தது. 1830இல் அங்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1833இல் அதே ரோட் லேனில் அது ஒரு கடையையும் திறந்தது. 1835இற் கடை மூடப்பட்டது. காரணம் எளிமையானது: அங்கத்தவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள், கடன் திரும்பி வரவில்லை. கடன் கொடுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். பசித்த தோழனுக்கு மாவை மறுக்க மனம் வராதவர்கள். நல்லெண்ணமே அக்கடையை மூடியது.

அடுத்த தோல்வி கூலிப் போராட்டத்தில் நேர்ந்தது. 1843ஆம் ஆண்டின் இறுதியில் றொச்டேல் நெசவாளர் கூலி உயர்வு கேட்டுப் போராடித் தோற்றனர். தோல்வியின் பின்னர் அவர்கள் கூடிப் பேசினர். இனி என்ன செய்வது? ஊரை விட்டு வெளிநாட்டுக்குக் குடிபெயரலாம் என்றனர் சிலர். மதுவை ஒழித்தால் வறுமை ஒழியும் என்றனர் வேறு சிலர். தொழிலாளருக்கு வாக்குரிமை கிடைக்கும்வரை எதுவும் மாறாது என்றனர் சாசன இயக்கத்தவர். ஓவனைப் பின்பற்றியோர் மீண்டும் ஒரு கடை என்றனர். ‘அதுதான் ஒருமுறை தோற்றுவிட்டதே’ என்னும் ஆட்சேபம் எழாதிருந்திருக்க முடியாது. அந்த ஆட்சேபத்துக்கு அவர்கள் அளித்த பதிலே 1844ஆம் ஆண்டின் சட்டதிட்டங்கள். பழைய கடையோடு தொடர்பு கொண்டிருந்த சார்ள்ஸ் ஹோவார்த் அவற்றை வகுப்பதில் முக்கிய பங்கு கொண்டார்.

அச்சட்டதிட்டங்களை வெறும் வியாபார ஒழுங்குகளாகப் படிப்பது பிழை. ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு தோல்வி நிற்கிறது. எக்காரணத்தைக் கொண்டும் கடனுக்கு வாங்கவோ விற்கவோ கூடாது. மீறிய உத்தியோகத்தருக்குப் பத்துச் சிலிங் அபராதம் என்பது ஒரு விதி. அதன் பின்னால் 1835இல் மூடப்பட்ட கடை நிற்கிறது. இலாபத்தை முதலின் அளவுக்கேற்பப் பங்கிடாது, ஒவ்வோர் அங்கத்தவரும் வாங்கிய பொருளின் அளவுக்கேற்பப் பங்கிட வேண்டும் என்பது இன்னொன்று. முந்திய சங்கங்கள் பல, வருங்காலக் குடியிருப்புக்கென இலாபத்தைச் சேர்த்து வைத்தன. அங்கத்தவர் வீட்டு அடுப்புக்கு அதனால் உடனடிப் பயன் இருக்கவில்லை. இலட்சியம் உயர்ந்ததாயினும் நாளாந்த வாழ்க்கையோடு அதற்குத் தொடர்பு அறுந்திருந்தது. புதிய விதி அத்தொடர்பை உண்டாக்கிற்று. இம்முறை வேறு சில இடங்களில் முன்னரே கையாளப்பட்டதுதான். ஆனால் ஏனைய விதிகளோடு இணைத்து நிலைபெறச் செய்தவர்கள் றொச்டேல் தொழிலாளரே.

முதலுக்கு வரையறுத்த வட்டி மாத்திரமே. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பொருளிற் கலப்படமில்லை, நிறுவையிற் குறைவில்லை. இவற்றோடு இரண்டு ஒழுங்குகள் இன்று நம் கவனத்தைப் பெறவேண்டியவை. நிர்வாகிகள் வாரந்தோறும் வியாழன் மாலையிற் கூடினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கத்தவர் அனைவரும் கூடிய பொதுக்கூட்டத்திற் கணக்கறிக்கையை முன்வைத்தனர். குறைகாண்பது ஒருவருடைய துணிச்சலை நம்பியிருக்கவில்லை. நாட்குறித்து வைத்திருந்த காரியமாக அது நடந்தது.

தமிழில் ‘விதி’ என்னும் ஒரே சொல் ஊழையும் குறிக்கும், ஒழுங்கையும் குறிக்கும். தோல்வியை முதற்பொருளில் ஏற்றுக்கொண்டவர்கள் அக்காலத்துப் பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கானோர். றொச்டேலார் அதனை இரண்டாம் பொருளுக்கு மாற்றினர்.

1844 டிசம்பர் 21ஆம் நாள் மாலை கடை திறக்கப்பட்டது. மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, சில மெழுகுதிரிகள் ஆகியவையே அங்கிருந்த பொருள்கள். வாரத்தில் இரண்டு மாலைகளில் மாத்திரமே முதலிற் கடை திறந்திருந்தது. 1845ஆம் ஆண்டிறுதியில் 74 அங்கத்தவரும் 710 பவுண் விற்பனையும் இருந்தன. 1849இல் ஊரிலிருந்த சேமிப்பு வங்கி முறிந்தபோது, கணக்கைப் பகிரங்கமாக வைத்திருந்த கடையைத் தொழிலாளர் மேலும் நம்பினர். 1850இல் அங்கத்தவர் தொகை 600, 1860இல் 3,450, அவ்வாண்டின் விற்பனை ஒன்றரை இலட்சம் பவுணைத் தாண்டியது.

இவ்வளர்ச்சியின் மத்தியில் அவர்கள் செய்த இன்னொரு காரியம் ஆசிரியர்களாகிய நம்மைக் கவரவேண்டியது. 1853இல் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கும் விதியை அவர்கள் ஏற்படுத்தினர். கடையின் மேல்மாடியில் வாசிகசாலை அமைந்தது. பிற்காலத்தில் அதன் நூல்நிலையத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. பத்திரிகை படிக்கத் தெரியாத அங்கத்தவன் கணக்கறிக்கையையும் படிக்கமாட்டான். கணக்கறிக்கையைப் படிக்காதவன் பொதுக்கூட்டத்திற் கையுயர்த்த மாத்திரமே வருவான். கல்வியை அவர்கள் தருமமாகக் கருதவில்லை. தம் ஸ்தாபனம் தன்னைத்தானே அறிந்துகொள்வதற்கான கருவியாகவே கருதினர்.

இதுவரை கூறியது அவர்களுடைய வெற்றி. இங்கேயே நிறுத்தினால் இதுவும் ஒரு பொன்விழாக் கட்டுரையாகிவிடும்.

1854இல் றொச்டேல் கூட்டுறவாளர் ஓர் உற்பத்திச் சங்கத்தை ஆரம்பித்தனர். அங்கே முதலுக்கு இலாபம் கொடுத்தது போலவே உழைப்புக்கும் இலாபத்திற் பங்கு கொடுக்கப்பட்டது. ஆலையில் நெய்பவன் கூலியோடு இலாபத்தின் ஒரு பகுதியையும் பெற்றான். ஆலை செழித்தது, பெரிய கட்டடம் எழுந்தது, அதற்கெனப் புதிய பங்குதாரர் பலர் சேர்க்கப்பட்டனர். அவர்களுட் பலர் ஆலையில் உழைப்பவர் அல்லர். தமது சேமிப்புக்கு நல்ல வருமானம் தேடியவர்கள். 1862இல் அவர்களுடைய வாக்குப் பலத்தால், உழைப்புக்குரிய பங்கு ஒழிக்கப்பட்டது. கூட்டுறவு ஆலை சாதாரணப் பங்குக் கம்பனியாயிற்று.

இது எவ்வாறு நேர்ந்தது? கடனால் வரும் அழிவைத் தடுக்க விதி செய்தவர்கள், முதலால் வரும் அழிவைத் தடுக்க உறுதியான விதி செய்யவில்லை. பண்டகசாலையில் வாங்குபவனே உரிமையாளன். அவன் இலாபத்தை விரும்பினாலும் அது அவனிடமே திரும்பி வந்தது. ஆலையிலோ உரிமையாளனுடைய இலாபம் உழைப்பாளனுடைய பங்கிலிருந்து வெட்டியெடுக்கக் கூடியதாயிருந்தது. இவ்வேறுபாடு உரிய வேளையில் ஆராயப்படவில்லை. பங்குதாரர் பலரைப் பொறுத்தவரை 1862இல் நிகழ்ந்தது தோல்வியே அன்று. இலாபத்தை உயர்த்திய சீர்திருத்தம். ஆதலால் அதிலிருந்து கற்கவேண்டிய தேவையும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

சுயவிமர்சனத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மறந்துவிடும் உண்மை இதுவே. எது தோல்வி என்பதை அவையில் இருப்பவர்களே தீர்மானிக்கின்றனர். அவையிற் குரலற்றவனுடைய இழப்பு, தோல்விக் கணக்கில் ஏறுவதில்லை.

இரு ஆண்டுகளின் பின்னர், 1864இல், சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் தொடக்க உரையை எழுதிய கார்ல் மார்க்ஸ், கூட்டுறவு ஆலைகளை உயர்வாக மதித்தார். முதலாளி இல்லாமலே தொழிலாளர் பேரளவு உற்பத்தியை நடத்த முடியுமென அவை செயலிற் காட்டின என்றார். அதேவேளையில், அரசியல் அதிகாரம் உழைப்பவர் கையில் இல்லாதவரை அத்தகைய முயற்சிகள் குறுகிய வட்டத்துள் அடங்கிவிடும் என்றும் எச்சரித்தார்.

றொச்டேலுக்கும் நமது நாட்டுக்குமுள்ள நேரடித் தொடர்பொன்று இவ்விடத்தில் எழுகின்றது. 1863இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து மொத்த வியாபாரச் சங்கமொன்றை அமைத்தன. அச்சங்கமும் ஸ்கொட்லாந்தின் மொத்த வியாபாரச் சங்கமும் தேயிலை வியாபாரத்திற் கூட்டுச் சேர்ந்து, 1902இல் இலங்கையிலே தேயிலைத் தோட்டங்களை விலைக்கு வாங்கின. கலப்படமற்ற தேயிலையைப் பிரித்தானியத் தொழிலாளியின் வீட்டுக்கு நேரே கொண்டு சேர்ப்பது அவற்றின் நோக்கம். நோக்கத்திற் குறைகூற எதுவுமில்லை. ஆனால் அத்தேயிலையைக் கொய்த மலையகத் தொழிலாளி அந்தக் கூட்டுறவின் அங்கத்தவன் அல்லன். கொழுந்து கொய்த பெண்ணுக்கு அங்கே பங்குமில்லை, வாக்குமில்லை. றொச்டேல் சங்கமோ, விவாகமான பெண்ணுக்குத் தன் பெயரிற் சொத்து வைத்திருக்க நாட்டின் சட்டம் இடங்கொடாத காலத்திலேயே பெண்களை அங்கத்தவராகச் சேர்த்த சங்கம். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அந்த விதி கடலைக் கடந்து மலையேறி வரவில்லை. மான்செஸ்டரிற் கூடிய அவையில் அவளுடைய நாட்கூலி செலவுக் கணக்கின் ஒரு வரியாகவே தோன்றியிருக்கும். 1862இல் ஆலைக்குள் நேர்ந்த தவறு, அரை நூற்றாண்டுக்குள் ஏகாதிபத்தியத்தின் அளவுக்கு விரிந்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இயக்கம் தன்னை ஆராயாமலிருக்கவில்லை. 1895இல் அமைந்த சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி, றொச்டேல் கோட்பாடுகள் யாவை என்பதை ஆராய்ந்து 1937இல் பாரிஸ் மாநாட்டிலும், 1966இல் வியன்னாவிலும், 1995இல் மான்செஸ்டரிலும் அவற்றை வகுத்தும் திருத்தியும் அமைத்தது. 1937இற் கோட்பாடுகளுள் இடம்பெற்றிருந்த ‘ரொக்க வியாபாரம்’ 1966இல் நீக்கப்பட்டது. இது பொருள்நிறைந்த மாற்றம். 1835ஆம் ஆண்டின் தோல்வி கற்பித்த பாடம் என்றென்றைக்குமுரிய வேதவாக்கன்று. ஒரு காலத்து நோய்க்குரிய மருந்து என்பதை இயக்கம் ஏற்றுக்கொண்டது. தோல்வியிற் கற்ற பாடமே பின்னர் மூடநம்பிக்கையாக இறுகிவிடுவதும் உண்டு.

ஆயினும் ஆராய்ச்சி வேறு, மாற்றம் வேறு. 1955இற் பிரித்தானியக் கூட்டுறவு இயக்கம் தன் குறைகளை ஆராய ஹியூ கெயிட்ஸ்கல் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. 1958இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஏறத்தாழ ஆயிரமாகச் சிதறிக்கிடந்த சங்கங்களை முந்நூறுக்கு மேற்படாத தொகையாக இணைக்கும்படியும், நிர்வாகத்தைப் புதுப்பிக்கும்படியும் கூறியது. அறிக்கை பாராட்டப்பட்டது, அதன் பெரும்பகுதி உரிய காலத்தில் நிறைவேற்றப்படவில்லை. ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகிகளும் இணைப்பை வரவேற்றனர். தம் சங்கம் நீங்கலாக! தனியார் பெருங்கடைகளின் முன்னே இயக்கம் தொடர்ந்து தேய்ந்தது. 2013இல் அதன் வங்கியில் ஒன்றரைப் பில்லியன் பவுண் மூலதனக் குறைபாடு வெளிப்பட்டது. வங்கியின் பெரும்பகுதி இயக்கத்தின் கையைவிட்டுப் போயிற்று. அடுத்த ஆண்டில் வெளிவந்த விசாரணை அறிக்கைகள், நிர்வாக சபையினரிற் பலருக்குத் தாம் மேற்பார்வை செய்த காரியத்தை மதிப்பிடும் அறிவே போதாதிருந்ததை எடுத்துக்காட்டின. மேல்மாடி வாசிகசாலையில் அமர்ந்து கணக்குப் படிக்கப் பழகியவர்களின் வழித்தோன்றல்களுக்கு நேர்ந்த கதி இது.

இலங்கையிற் கூட்டுறவு 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. நாணய சங்கங்களாக அது மெல்ல வளர்ந்தது. மூளாயிலே கிராமத்தவர் தமக்கென ஒரு கூட்டுறவு வைத்தியசாலையை 1930களில் அமைத்ததும் இவ்வளர்ச்சியின் ஒரு பேறே. இரண்டாம் உலக யுத்த காலத்தில், பங்கீட்டு உணவை விநியோகிப்பதற்காக ஆயிரக்கணக்கான பண்டகசாலைகள் சில ஆண்டுகளுள் எழுந்தன. மக்களுக்கு அவை செய்த உதவி பெரிது. எனினும் அவற்றின் விதிகள் அங்கத்தவரின் தோல்வியிலிருந்து பிறந்தவையல்ல. திணைக்களத்திலிருந்து அச்சிட்டு வந்தவை. 1971இற் பல்லாயிரம் சிறு சங்கங்கள் சில நூறு பெரிய பலநோக்குச் சங்கங்களாக இணைக்கப்பட்டதும் அரசின் தீர்மானத்தாலேயே. பிரித்தானியாவிற் சங்கங்கள் செய்யத் தயங்கிய இணைப்பை இங்கே அரசு செய்து முடித்தது. அங்கே மாற்றமின்றி ஆராய்ச்சி. இங்கே அங்கத்தவரின் ஆராய்ச்சியின்றி மாற்றம். இரண்டிடத்தும் பொதுக்கூட்டம் தன் பொருளை இழந்தது. சங்கக்கடையைத் தனது கடையென்று கருதாது ‘கூப்பன் கடை’ என்று மாத்திரம் அறிந்த அங்கத்தவன் அங்கே எதை விமர்சிப்பான்?

இவ்வரலாற்றிலிருந்து தொழிற்சங்கத்துக்கும், ஆசிரியர் சங்கத்துக்கும், வாசகர் வட்டத்துக்கும், மாணவர் மன்றத்துக்கும் பொருந்தக்கூடிய சில முடிபுகளுக்கு நாம் வரலாம். விமர்சனம் தனிமனிதனுடைய துணிச்சலை நம்பியிருத்தலாகாது. அதற்கென நாளும் இடமும் ஏடும் விதிமுறையில் இருத்தல் வேண்டும். கண்ட குறை விதியாக மாறாவிடின் அது வெறும் புலம்பலே. விதியாக மாறிய பின்னும், அவ்விதி தன்னைப் பெற்ற காலத்தைக் கடந்துவிட்டதா என்று மீண்டும் கேட்டல் வேண்டும். கணக்கையும் அறிக்கையையும் படித்து விளங்கும் ஆற்றலை அங்கத்தவர் எல்லோருக்கும் ஊட்டாத ஸ்தாபனம், சுயவிமர்சனத்தைப் பற்றிப் பேசும் தகுதியை உடையதன்று.

இவை யாவற்றுக்கும் மேலாக, எந்த ஸ்தாபனமும் தன் ஆண்டறிக்கையை வாசித்து முடித்ததும் ஒரு கேள்வியைத் தன்னிடமே எழுப்புதல் வேண்டும்: நமது செயலால் நன்மை தீமை அடைகின்ற எவர் இந்த அவையில் இல்லை? பாடசாலையின் முன்னேற்றத்தை ஆராயும் கூட்டத்தில், இடையிலே படிப்பை விட்ட பிள்ளையின் தாய் இருக்கிறாளா? ஊரின் பெயரால் நடக்கும் சங்கத்தில், ஊரின் ஒதுக்கத்தில் வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களா? தொழிலாளர் பெயராற் பேசும் கட்சியின் குழுவில் எத்தனை தொழிலாளர் இருக்கின்றனர்? றொச்டேல் முன்னோடிகள் தம்முடைய தோல்விகளுக்கு அஞ்சாது கணக்கெழுதினார்கள். நாம் தொடரவேண்டிய வேலை, அக்கணக்கில் ஏறாத பெயர்களையும் சேர்த்து எழுதுவதாகும்.